ஒரே ஆட்டத்துக்கு இரண்டு கணக்கு

நான் இலங்கை மலையகத்தின் ஹட்டனில், நண்பன் அதே மலையகத்தின் தலவாக்கலையில். இருவரும் சேர்ந்து ஒரு சிறிய வியூக விளையாட்டு எஞ்சினை, அதாவது விளையாட்டை உள்ளிருந்து ஓட்டும் நிரலை, எழுதிவருகிறோம். ஒரு மழைக்கால இரவில் அதை முதன்முறையாகப் போன் டேட்டாவில் இணைத்து ஆடிப் பார்த்தோம். இருபது நிமிடம் ஒழுங்காகப் போனது. அப்புறம் அவன் அழைத்தான்.

"மச்சான், கோபுரம் விழுந்திருச்சு. இனி உள்ள வந்துருவேன்."

"எங்க விழுந்துச்சு? நிக்குதே."

என் திரையில் காவற்கோபுரம் நின்றது. மேலே என் வில்லாளர்கள் அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் திரையில் அது இடிந்து, அவனுடைய படை ஊருக்குள் நுழைந்திருந்தது. இருவரும் ஒரே ஆட்டத்தைத்தான் தொடங்கினோம். எங்கேயோ ஓரிடத்தில் இரண்டு லெப்டொப்பும் இரண்டு உலகங்களாகப் பிரிந்துவிட்டிருந்தன. எந்த இடத்தில் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் இதை 'சின்க் உடைவது' என்பார்கள். வியூக விளையாட்டு எஞ்சின்களின் தலையாய நோய் இதுதான். வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்யும் வேலைகள் பலவும் கடைசியில் இதே இடத்தில் வந்துதான் முட்டும். வழு திருத்துவதும் வேகம் கூட்டுவதும் தனித்தனி வேலைகள் என்றுதான் வெளியே இருந்து பார்க்கும்போது தோன்றும். உள்ளே போனால் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: எல்லோருடைய கணினியிலும் கணக்கு ஒன்றாகவே வரவேண்டும்.

ஏன் அப்படி ஒரு நிபந்தனை? ஆயிரம் வீரர்கள் நிற்கும் ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். இடம், திசை, உயிர் அளவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 16 பைட் என்றாலும், வினாடிக்கு 10 தடவை அனுப்பினால் 160,000 பைட் ஆகிவிடும். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் என்ற வியூக விளையாட்டு வெளிவந்தது 1997இல். அன்றைய 28.8 கிலோபிட் மோடம் வினாடிக்கு 3,600 பைட்டுக்கு மேல் தராது. ஆகவே அந்த விளையாட்டை எழுதியவர்கள் வீரர்களின் நிலையை அனுப்பவே இல்லை. ஆட்டக்காரர் கொடுக்கும் கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். 'இந்தப் பத்துப் பேர் அந்தப் பாலத்துக்குப் போகட்டும்' என்ற ஒரு வரி எல்லாக் கணினிக்கும் போகிறது. நடப்பது, மோதுவது, சாவது எல்லாவற்றையும் ஒவ்வொரு கணினியும் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஆட்டம் ஏறத்தாழ 200 மில்லிவினாடி நீளமுள்ள சிறு சிறு சுற்றுகளாகப் போகும். இப்போது கொடுத்த கட்டளை இரண்டு சுற்றுக்குப் பின், எல்லாக் கணினியிலும் ஒரே சுற்றில் நிறைவேறும்.

மலையகத்தில் இந்த முறையின் அருமை நன்றாகவே விளங்கும். மேகம் இறங்கினால் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், உட்கார்ந்துகொண்டு, குறைந்த டேட்டா பக்கேஜில் பெரிய போர் ஒன்றை ஆட முடிகிறது என்றால் அது இந்த முறையால்தான். அதற்கு ஒரு விலை உண்டு. யாரும் யாருக்கும் நிலவரத்தைச் சொல்வதில்லை. எல்லோரும் ஒரே விடைக்கு வந்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆட்டம் ஓடுகிறது. அந்த விடை ஒரு துளி பிசகினாலும் போதும். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் எஞ்சினில் வேலை செய்த போல் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் இதை விளக்கியபோது ஒரு மானைக் காட்டினார்கள். வரைபடம் உருவாகும்போது ஒரு கணினியில் மான் இம்மியளவு விலகி நிற்கிறது. சில நிமிடம் கழித்து வேட்டைக்காரனின் ஈட்டி அங்கே தவறுகிறது, மற்றக் கணினியில் படுகிறது. ஒரு ஊரில் இறைச்சி வந்து சேர்கிறது, மற்ற ஊரில் இல்லை. அதற்குப் பிறகு இரண்டும் ஒரே ஆட்டமே இல்லை.

அந்த இம்மி எங்கிருந்து வருகிறது என்பதற்கு என்னிடம் ஒரு வீட்டு உதாரணம் உண்டு. அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நாளுக்கு மூன்று தடவை நிறுவை. காலையில் 7.6 கிலோ, பகலில் 5.7, பின்னேரம் 6.8 என்று வையுங்கள். மூன்றையும் கூட்டிவிட்டுப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டினால் 20 கிலோ. ஒவ்வொரு நிறுவையிலும் வெட்டிவிட்டுக் கூட்டினால் 7, 5, 6, ஆக 18 கிலோ. கொழுந்தும் ஒன்று, தராசும் ஒன்று. எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் இரண்டு கிலோ போகிறது. அம்மா தன் துண்டுச் சீட்டில் ஒரு கணக்கு வைத்திருப்பார், தோட்டத்துப் பேரேட்டில் வேறொன்று இருக்கும். அந்தச் சண்டையைப் பார்த்து வளர்ந்ததால், தசம எண் வழு என்னவென்று எனக்கு முதல் நாளே விளங்கிவிட்டது.

கணினியும் இப்படித்தான் வெட்டுகிறது. சாதாரண 32 பிட் தசம எண்ணில் ஏறத்தாழ ஏழு இலக்கம்தான் தங்கும். 16,777,216 உடன் ஒன்றைக் கூட்டினால் அதே 16,777,216 திரும்ப வரும், கூட்டிய ஒன்று தொலைந்துபோகும். இன்னொரு ஒன்றைக் கூட்டினாலும் அப்படியே. ஆனால் அந்த இரண்டு ஒன்றையும் முதலில் கூட்டிவிட்டுச் சேர்த்தால் 16,777,218 வரும். அதாவது கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். வரிசையையோ, நாம் எழுதிய நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன் வசதிக்கு மாற்றக்கூடும். பழைய இன்டெல் கணக்கு முறையில் எண்கள் இடையில் 80 பிட் அகலத்தில் இருந்து, நினைவகத்தில் எழுதும்போது மட்டும் வெட்டப்படும். புதிய முறையில் ஒவ்வொரு படியிலும் வெட்டப்படும். நண்பனுடைய லெப்டொப் பழையது, 32 பிட் விண்டோஸ். என்னுடையது 64 பிட். நாங்கள் சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரே நிரல், அவனிடம் பின்னேரம் வெட்டியது, என்னிடம் நிறுவைக்கு நிறுவை வெட்டியது.

இதற்கு நம்பகமான மருந்து, ஆட்டக் கணக்கிலிருந்து தசம எண்ணையே எடுத்துவிடுவது. ஓப்பன் ஆர்ஏ எஞ்சினில் ஒரு கட்டம் 1024 அலகு, எல்லாமே முழு எண். சீரோ ஏ.டி. விளையாட்டின் ஆட்டக் கணக்கும் ஒரு அலகை 65,536 பங்காக்கி முழு எண்ணிலேயே நடக்கிறது. ஸ்பிரிங் எஞ்சின் தசம எண்ணை விடவில்லை. எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி வெட்ட வைக்கும் தனி நூலகம் ஒன்றைப் பயன்படுத்தியது. நாங்கள் ஓப்பன் ஆர்ஏ காட்டிய வழியில் போனோம். திரையில் வரைவதற்குத் தசமம் இருக்கலாம், அதில் ஒரு புள்ளி விலகினால் யாருக்கும் நட்டமில்லை. யார் செத்தார் என்று முடிவுசெய்யும் இடத்தில் அது வரக்கூடாது.

ஆனால் அந்த இரவில் கோபுரத்தைப் பிரித்தது இது அல்ல. அதைக் கண்டுபிடிக்க மூன்று இரவு எடுத்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லா வீரர்களின் இடத்தையும் உயிரையும் ஒரே எண்ணாக மடித்து, செக்சம் எனப்படும் அந்தச் சரிபார்ப்பு எண்ணை இரண்டு பக்கமும் எழுதிவைத்தோம். கட்டளைகள் எல்லாம் பதிவில் இருந்ததால் அதே ஆட்டத்தைத் திரும்ப ஓடவிடவும் முடிந்தது. கோபுரம் இருபதாவது நிமிடத்தில் விழுந்தது, செக்சமோ மூன்றாவது நிமிடத்திலேயே பிரிந்திருந்தது. அந்தச் சுற்றில் ஒரே ஒரு அம்பு ஒரு சுவரில் பட்டிருந்தது. அவ்வளவுதான்.

விளையாட்டில் வரும் 'சமவாய்ப்பு' எண்கள் உண்மையில் ஒரு சூத்திரத்திலிருந்து வருபவை. இரண்டு கணினியும் ஒரே விதை எண்ணில் தொடங்கினால் ஒரே வரிசை வரும், அதனால் அம்பு தைப்பதும் தவறுவதும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். அம்பு சுவரில் படும் சத்தத்துக்கு நான் மூன்று ஒலிகள் வைத்திருந்தேன். எதை ஒலிப்பது என்பதற்கு அதே வரிசையிலிருந்து ஒரு எண்ணை எடுத்தேன். வீட்டில் பிள்ளை தூங்குகிறது என்று நண்பன் சத்தத்தை நிறுத்தியிருந்தான். அவனுடைய கணினி அந்த எண்ணை எடுக்கவில்லை. அதிலிருந்து அவனுடைய வரிசை எனக்கு ஓர் இடம் பின்னால். சத்தம், புகை, மழைத்துளி போன்ற கண்ணுக்கும் காதுக்குமானவற்றுக்குத் தனி வரிசை கொடுத்ததும் அது சரியானது. இந்த வகை வழுக்கள் வேறு உருவத்திலும் வரும். ஆரம்ப மதிப்புக் கொடுக்காத மாறி ஒன்று, பட்டியலை எந்த வரிசையில் படிப்போம் என்று உத்தரவாதம் தராத ஒரு தரவு அமைப்பு, ஆட்டக் கணக்குக்குள் மணிக்கூட்டைப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதற்குத் திரும்ப வருகிறேன்.

இனி வேகம். இந்த முறையில் யாரும் முன்னே ஓட முடியாது. ஒரு சுற்றை எல்லோரும் முடித்தால்தான் அடுத்தது. ஆகவே இருப்பதிலேயே மெதுவான கணினியின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். தோட்டப்புறங்களில் கைமாறி வந்த லெப்டொப்களில்தான் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பழைய கணினி வைத்திருப்பவனை 'நீ வராதே, இழுக்குது' என்று ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சினை வேகமாக்குவது அவனை ஆட்டத்துக்குள் திரும்ப எடுப்பதுதான். இதனால்தான் இந்த வேலைமேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

திரை வினாடிக்கு 30 தடவை மாறவேண்டும் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லிவினாடிதான் இருக்கிறது. அந்த நேரம் எங்கே போகிறது என்பதை அளந்து பார்க்கவேண்டும், ஊகிக்கக்கூடாது. பனிமூட்டம் வரைவதுதான் இழுக்கிறது என்று நினைத்து இரண்டு வார இறுதிகளை அதில் போட்டேன். அப்புறம் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஓட்டிப் பார்த்தால், பெரும்பகுதி நேரம் 'பக்கத்தில் எதிரி இருக்கிறானா' என்ற கேள்வியில் போயிருந்தது. ஆயிரம் வீரரில் ஒவ்வொருவரும் மற்ற 999 பேரையும் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 999,000 சோதனை. படை இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும்.

தோட்டத்தில் ஒருவரைத் தேடிப் போகிறவர் எல்லா மலையையும் ஏறிப் பார்ப்பதில்லை. இன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து என்று காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டிலேயே சொல்லிவிடுவார்கள், நேரே அங்கே போகலாம். எஞ்சினிலும் நிலத்தை அப்படி நம்பர் போட்ட கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் யார் யார் என்று பதிந்துவைத்தால் போதும். வீரன் தன் கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தையும் மட்டும் பார்ப்பான். ஆளுக்கு இருபது சோதனை வந்தாலும் மொத்தம் 20,000 தான். தூரத்தை ஒப்பிட வர்க்கமூலம் எடுப்பதும் வீண். வர்க்கத்தோடு வர்க்கத்தை ஒப்பிட்டாலே எது கிட்ட என்று தெரிந்துவிடும்.

அந்த வர்க்கத்தில்தான் அடுத்த வழு பிறந்தது. எதிரி கூப்பிடு தூரத்தில் நிற்க, எங்கள் குதிரைப்படை அவனை விட்டுவிட்டு வரைபடத்தின் மறு மூலையை நோக்கி ஓடியது. பார்க்கப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது, காரணமோ மிகவும் நேரானது. 32 பிட் முழு எண்ணில் 2,147,483,647 தான் உச்சம். 46,340இன் வர்க்கம் அதற்குள் அடங்கும், 46,341இன் வர்க்கம் அடங்காது, சுற்றிக்கொண்டு எதிர்மறை எண்ணாகிவிடும். கட்டத்துக்கு 1024 அலகு என்றால் 45 கட்டத்தைத் தாண்டியதும் அந்த எல்லை வந்துவிடும். 64 கட்டம் வரைக்கும் உள்ள எதிரிகளின் தூரம் எல்லாம் பூச்சியத்துக்கும் கீழே போனது. எது மிகக் கிட்ட என்று கேட்டால், எதிர்மறை எண்தான் சிறியது! தசம எண்ணை எடுத்ததால் வந்த பிரச்சினை இது. பெருக்கும் இடத்தில் 64 பிட் எண் போட்டதும் குதிரைகள் திரும்பி வந்தன. ஒரு திருத்தம் இன்னொரு இடத்தில் என்ன கேட்கும் என்று பார்க்காமல் விட்டால் இப்படி ஆகும்.

வழி கண்டுபிடிப்பதுதான் இந்த எஞ்சின்களின் மிகப் பாரமான வேலை. பெரும்பாலானவை 'ஏ ஸ்டார்' என்ற முறையில் நிற்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ராஃபேல் மூவரும் 1968இல் வெளியிட்டது. இதுவரை நடந்த தூரத்தோடு, போகவேண்டிய இடத்துக்கு இன்னும் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பையும் கூட்டி, குறைந்த மொத்தம் வரும் பக்கமாகத் தேடும். அந்த மதிப்புக்குப் பெரும்பாலும் நேர்கோட்டுத் தூரத்தையே எடுக்கிறார்கள். சமவெளியில் அது நன்றாக உதவும். மலைநாட்டில் நேர்கோடு ஏமாற்றும் என்பது நமக்குத் தெரியாததா? எதிர்மலை லயத்தில் அடுப்புப் புகை வருவது கண்ணுக்குத் தெரியும். அங்கே போக ஆற்றுக்கு இறங்கி, பாலம் தேடி, மறுபக்கம் ஏறவேண்டும்.

எங்கள் வரைபடம் தலவாக்கலைப் பள்ளத்தாக்கை ஒட்டி வரைந்தது, நடுவில் மேல் கொத்மலை நீர்த்தேக்கம். அதில் ஒரு சிறு தீவு வைத்தோம். யாராவது படையைத் தேர்ந்து தீவின் மேல் கிளிக் செய்தால் ஆட்டம் உறைந்துவிடும். போக வழியே இல்லாத இடத்துக்கு வழி தேடினால், 'இல்லை' என்று சொல்வதற்கு முன் ஏ ஸ்டார் எட்டக்கூடிய எல்லாக் கட்டத்தையும் பார்த்து முடிக்கும். 512க்கு 512 வரைபடத்தில் 262,144 கட்டம். நாற்பது வீரர் என்றால் ஒரு கோடிக்கு மேல். திருத்தம் எளிது. ஆட்டம் தொடங்குமுன் ஒன்றோடொன்று நடந்து சேரக்கூடிய கட்டங்களுக்கெல்லாம் ஒரே அடையாள எண் போட்டுவைப்பது. வீரன் நிற்கும் எண்ணும் கிளிக் செய்த இடத்தின் எண்ணும் வேறு என்றால் தேடவே வேண்டாம், கரையில் மிகக் கிட்டிய இடத்துக்கு அனுப்பிவிடலாம். பாலம் கட்டினால் அல்லது உடைந்தால் அந்த எண்களைப் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் அது இன்னொரு வழு.

இருநூறு பேர் ஒரே இடத்துக்குப் போகும்போது இருநூறு தடவை தேடுவதும் வீண். போகும் இடத்திலிருந்து பின்னோக்கி ஒரே ஒரு தடவை பரவி, ஒவ்வொரு கட்டத்திலும் 'இங்கிருந்து இந்தப் பக்கம்' என்று ஓர் அம்புக்குறி போட்டுவைக்கலாம். 2010இல் வந்த சுப்ரீம் கமாண்டர் 2 இந்த முறைக்குப் பெயர் பெற்றது. தேயிலை மலையில் மழைநீர் வடிய வெட்டிய கானைப் பார்த்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கே மழைத்துளி விழுந்தாலும் அது வழி கேட்பதில்லை, பக்கத்துக் கான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும்.

இனி அந்த மணிக்கூட்டு வழு. ஒரே நேரத்தில் நிறைய வழிக் கோரிக்கைகள் வந்தால் ஆட்டம் திக்கும். அதனால் கோரிக்கைகளை வரிசையில் போட்டு, சுற்றுக்கு 4 மில்லிவினாடி மட்டும் அதற்கு ஒதுக்கி, மிச்சத்தை அடுத்த சுற்றுக்குத் தள்ளினேன். திக்கல் போய்விட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிரவே சின்க் உடைந்தது. என் லெப்டொப் 4 மில்லிவினாடியில் முப்பது வழி கண்டது, அவனுடையது பதினொன்று. என் பக்கம் படை கிளம்பிவிட்டது, அவன் பக்கம் பாதிப்பேர் இன்னும் நின்றார்கள். தனி ஆள் விளையாட்டில் குற்றமே இல்லாத ஒரு திருத்தம் இது. இங்கே நேரத்தால் பங்கு போடக்கூடாது, எண்ணிக்கையால் போடவேண்டும். சுற்றுக்கு இத்தனை கட்டம் விரிக்கலாம் என்று வரம்பு வைத்தால், வேகமான கணினி சீக்கிரம் முடித்துவிட்டுக் காத்திருக்கும், மெதுவானது கொஞ்சம் தாமதமாக முடிக்கும். விடை ஒன்றாக இருக்கும்.

வேலையைக் கணினியின் பல கோர்களுக்கு, அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியே கணக்குச் செய்யும் பகுதிகளுக்கு, பிரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். நாவலப்பிட்டிக்கு மேலே ஒற்றைத் தண்டவாளம். ஒரு துண்டுப் பாதைக்குள் நுழைய ரயில் சாரதி கையில் அதற்குரிய டெப்லட், அதாவது அனுமதி வில்லை, இருக்கவேண்டும். ஸ்டேஷனில் பெரிய வளையத்தோடு அதைக் கைமாற்றுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிரலில் 'லொக்' என்பதும் அந்த வளையம்தான், இரண்டு கோர்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்கும். மோதல் நடக்காது, சரி. ஆனால் எது முதலில் வந்து வளையத்தை வாங்கும் என்பது இரவுக்கு இரவு மாறும், அந்த வரிசை விடையை மாற்றும். ஆகவே வழிகளைப் பல கோர்களில் தேடவிட்டாலும், கிடைத்த விடைகளை உடனே எழுதாமல் சேர்த்துவைத்து, கடைசியில் வீரனின் எண் வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பதிகிறோம். நினைவகத்தைப் பற்றி ஒரு வரி: சுற்றுக்குச் சுற்று புதுப் பட்டியல்களை உருவாக்கி எறிந்தால் சி ஷார்ப் குப்பை கூட்டும்போது, அதாவது எறிந்த நினைவகத்தைத் திரும்பச் சேர்க்கும்போது, ஆட்டம் ஒரு கணம் நிற்கும். பழைய பட்டியலையே துடைத்துத் திரும்பப் பாவித்தோம், அந்தத் தடங்கல் போய்விட்டது.

இப்போது எங்கள் வழக்கம் இது. நல்ல ஆட்டம் ஒவ்வொன்றின் கட்டளைப் பதிவையும் வைத்திருக்கிறோம். வேகத்துக்காக எதை மாற்றினாலும் அன்றிரவு எல்லாப் பதிவையும் இரண்டு லெப்டொப்பிலும் திரை இல்லாமல் ஓடவிட்டுப் படுப்போம். காலையில் இரண்டு விஷயம் பார்ப்போம்: நேரம் குறைந்திருக்கிறதா, ஒவ்வொரு சுற்றின் செக்சமும் நேற்றைய எண்ணாகவே இருக்கிறதா. எண் மாறியிருந்தால், எவ்வளவு வேகம் கூடியிருந்தாலும், மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுவோம். எந்த மாற்றத்தில் பிசகியது என்று தெரியாவிட்டால் நடுவிலிருந்து பாதி பாதியாக வெட்டித் தேடுவோம். ஆயிரம் மாற்றம் இருந்தாலும் பத்துத் தடவையில் பிடித்துவிடலாம்.

அந்த முதல் மழை இரவின் பதிவும் அதில் இருக்கிறது. அன்று யார் திரை சரி என்பதற்கு அது இனித் தீர்ப்புச் சொல்லாது, இடையில் எண் முறையே மாறிவிட்டது. ஆனால் அதே கட்டளைகளை இன்றைய எஞ்சினில் ஓடவிட்டால் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கோபுரம் ஒரே சுற்றில் விழுகிறது.